போர்ட்டல் இருக்கிறது, எழுதுவோர் இல்லை: அறிவு மேலாண்மைக்கு நிறுவனத்தின் ஆதரவைப் பெறுவது எப்படி?

கோப்பறை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இயந்திரங்களை நிறுவிப் பராமரித்துத் தரும் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். ஓராண்டுக்கு முன் அறிவு மேலாண்மை என்ற பொறுப்பை, அதாவது பணியாளர்களின் அனுபவ அறிவைத் திரட்டி மற்றவர்களுக்கும் கிடைக்கச் செய்யும் வேலையை, என்னிடம் ஒப்படைத்தார்கள். பொறுப்போடு, கட்டுரைகளை எழுதி ஏற்றுவதற்கான உள் இணையதளமாக ஒரு போர்ட்டலும் வந்தது. ஆட்களோ நேரமோ வரவில்லை.

தொடக்க நாளில் இயக்குநர் பேசினார். அதிகக் கட்டுரை எழுதுவோருக்கு மாதப் பரிசு என்றும் அறிவித்தார். முதல் மாதம் கட்டுரைகள் குவிந்தன. திறந்து பார்த்தால் பெரும்பாலானவை இயந்திரத்தோடு வரும் கையேட்டின் பக்கங்கள்; ஒருவர் ஒரே அத்தியாயத்தை ஒன்பது துண்டுகளாக வெட்டி ஒன்பது கட்டுரைகளாக ஏற்றியிருந்தார். பரிசை நிறுத்தியதும் எழுதுவதும் நின்றது. இப்போது அந்தப் போர்ட்டலுக்கு நாள்தோறும் தவறாமல் வருபவன் நான் ஒருவன்தான்.

அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசும்போது, "இதனால் என்ன பயன்?" என்று மேலிடம் கேட்கப்போகிறது. அதற்குமுன் மூன்று செய்திகளில் உங்கள் அனுபவம் தேவை. மேலிடத்தின் ஆதரவை வாய்ச்சொல்லிலிருந்து செயலுக்குக் கொண்டுவருவது எப்படி? பிரிவுத் தலைவர்களின் மறைமுகமான எதிர்ப்பை எப்படிக் கையாள்வது? ஆண்டு மதிப்பீட்டில் இதைச் சேர்ப்பது சரியா?

---

பராமரிப்புக்காரன்

நீங்கள் யாரை எழுதச் சொல்கிறீர்களோ அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். ஏன் எழுதுவதில்லை என்பதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அவருடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். ஓரங்களில் எண்ணெய்க் கறை படிந்து, நடுப்பக்கங்கள் கழன்று, ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருப்பார். ஓய்வு பெறும் நாளில் அதை என் கையில் கொடுத்தார். அதில் ஒரு வரி: "மூன்றாம் வரிசை. மானி சுழியம் வந்த பிறகு இரண்டு நிமிடம் நில். பிறகு வால்வைத் திற." அவ்வளவுதான். காரணம் எழுதப்படவில்லை. சுழியம் வந்ததும் திறக்கலாம் என்றுதான் கையேடு சொல்கிறது.

நேரில் போய்க் கேட்டபோதுதான் விளங்கியது. பல ஆண்டுகளுக்கு முன் அந்த இயந்திர வரிசையை இடம் மாற்றியபோது, அழுத்தத்தைக் காட்டும் மானிக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு குறுகலான குழாய் வந்துவிட்டது. மானி சுழியத்தைக் காட்டினாலும் வால்வின் பக்கத்தில் அழுத்தம் உடனே இறங்கிவிடாது. வரைபடத்தை எவரும் திருத்தவில்லை. இத்தனை ஆண்டுகள் அந்த வரிசையில் எவருக்கும் அடிபடாமல் இருந்ததற்கு ஒரு மனிதருடைய பழக்கமே காரணம்.

இதை அவர் ஏன் முறைப்படி பதிவு செய்யவில்லை என்று கேட்டேன். "எதில் எழுதுவது? எழுதினால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று என்னைத்தானே கேட்பார்கள்?" என்றார். உங்கள் போர்ட்டல் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்கிறதா என்று பாருங்கள். எங்கள் வேலைநேரப் பதிவில் பயணத்துக்கு ஒரு குறியீடு உண்டு, காத்திருப்புக்கு ஒன்று உண்டு, எழுதுவதற்கு மட்டும் கிடையாது. கணக்கில் வராத வேலை தேவையற்ற வேலை என்று நிறுவனமே சொல்லிவிட்ட பிறகு, இயக்குநரின் உரை எங்களுக்கு எதற்கு?

---

தணிக்கையாளர்

மேலிடத்தின் ஆதரவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் நிறுவனம் தர மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழ் பெற்றிருந்தால் உங்களிடம் ஏற்கனவே ஒரு பிடி இருக்கிறது. அத்தரத்தின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் 7.1.6 என்ற பிரிவு நிறுவன அறிவைப் பற்றியது. செயல்முறைகளை நடத்தத் தேவையான அறிவு எது என்று கண்டறிய வேண்டும், அதைப் பேண வேண்டும், தேவையான அளவுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அது கேட்கிறது. அறிவு மேலாண்மைக்கென்றே ஐ.எஸ்.ஓ. 30401 என்ற தனித் தரம் 2018இல் வெளிவந்தது. அதில் பண்பாடும் தலைமையின் பொறுப்பும் வெளிப்படையாகவே இடம்பெறுகின்றன.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தணிக்கைக்காகத் தொடங்கப்படும் அறிவு மேலாண்மை பெரும்பாலும் தணிக்கை நாளோடு முடிந்துவிடும். நான் போகும் இடங்களில், பிரிவு 7.1.6 என்று கேட்டதும் ஒரு கோப்புறையைத் திறந்து காட்டுகிறார்கள். கோப்புகளைக் கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்த்தால் எல்லாமே நான் வருவதற்கு முந்தைய வாரத்தைச் சேர்ந்தவையாக இருக்கின்றன. கதவைத் திறக்க இந்தத் தரத்தைப் பயன்படுத்துங்கள். அதிலேயே குடியிருக்க வேண்டாம்.

---

சேவைமேசை

பரிசைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஜெராக்ஸ் நிறுவனத்தின் அனுபவம் நினைவுக்கு வந்தது. 1980களில் ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர் அந்நிறுவனத்தின் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு சுற்றித் திரிந்து, அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கவனித்தார். கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லிக்கொண்டுதான் தீர்த்தார்கள். நிர்வாகத்தின் கண்ணுக்கு வெட்டிப் பேச்சாகத் தெரிந்தது உண்மையில் அவர்களுடைய தொழில்நுட்பக் கூட்டம்.

பின்னர் 1990களில் யுரேகா என்ற அமைப்பை உருவாக்கினார்கள். பழுதுபார்ப்பவர் ஒருவர் தாம் கண்டுபிடித்த வழியை எழுதி அனுப்புவார். அனுபவமுள்ள சக பணியாளர்கள் அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். சரியென்றால் எழுதியவரின் பெயரோடு எல்லோருக்கும் போகும். குறிப்புக்குப் பணம் கொடுக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது அதை வேண்டாமென்றவர்கள் பணியாளர்களே. பணம் வந்தால் எண்ணிக்கைதான் கூடும், தரம் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் ஒன்பது துண்டுக் கட்டுரையாளர் அதை மெய்ப்பித்துவிட்டார்!

எங்கள் சர்வீஸ் டெஸ்கில் "தனியாக உட்கார்ந்து கட்டுரை எழுதுங்கள்" என்று எவரிடமும் கேட்பதில்லை. ஒரு டிக்கெட்டை, அதாவது பதிவான ஒரு புகாரை, எடுத்ததும் முதல் வேலை பழைய குறிப்புகளில் தேடுவது. பழைய குறிப்பு கிடைத்தால் அதை டிக்கெட்டோடு இணைக்க வேண்டும். அது தவறாக இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். கிடைக்காவிட்டால், தீர்த்தபோது செய்ததை நான்கைந்து வரிகளில் விட்டுச் செல்ல வேண்டும். அந்த வரிகள் டிக்கெட்டை மூடும் வேலையின் ஒரு பகுதியாகவே இருப்பதால் எழுதுகிறோம் என்ற உணர்வே இருப்பதில்லை. எந்தக் குறிப்பு எத்தனை டிக்கெட்டுகளில் பயன்பட்டது என்ற கணக்கும் தானாகவே கிடைத்துவிடுகிறது. "இதனால் என்ன பயன்?" என்று கேட்பவரிடம் அந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன், எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கைக் காட்டுவதில்லை.

---

பராமரிப்புக்காரன்

சேவைமேசை நண்பரே, உங்கள் முறை நல்ல முறை, ஆனால் உங்கள் வேலையே திரையின் முன் நடக்கிறது. எங்கள் அறிவில் பாதி காதிலும் விரல் நுனியிலும் இருக்கிறது. இயந்திரத்தின் தாங்கி (பேரிங்) ஒன்று பழுதாகப்போகிறது என்பதைச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் ஊமை கண்ட கனவுதான். சொல்ல முடிவதைவிட அதிகமாகவே நமக்குத் தெரிந்திருக்கிறது என்று தத்துவவாதி மைக்கேல் பொலானி 1960களில் எழுதியது இந்த நிலையைத்தான்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டபிள்யூ-76 என்ற அணு ஆயுதத்தில் ஃபாக்பேங்க் என்று குறியீட்டுப் பெயர் கொண்ட ஒரு பொருள் உண்டு. 1980களில் அதைத் தயாரித்து முடித்ததும் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். 2000க்குப் பிறகு ஆயுதங்களைப் புதுப்பிக்க மீண்டும் தேவைப்பட்டபோது, செய்முறையைப் பற்றிய பதிவுகள் மிகக் குறைவாக இருந்தன; தெரிந்தவர்கள் ஏறத்தாழ எல்லோரும் ஓய்வு பெற்றோ விலகியோ போயிருந்தார்கள். அந்நாட்டின் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2009 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இதைச் சொல்கிறது. பதிவு செய்யாததால் வந்த வினை என்று இந்தக் கதையை எல்லோரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. ஒருவழியாகச் செய்முறையை மீட்டெடுத்த பிறகும் பொருள் சரியாக வரவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது, பழைய காலத்து மூலப்பொருளில் இருந்த ஒரு மாசு இறுதிப் பொருளுக்கு இன்றியமையாததாக இருந்திருக்கிறது. புதிய முறையில் மூலப்பொருளை நன்றாகச் சுத்தம் செய்ததால் அந்த மாசு போய்விட்டது. அதன் முக்கியத்துவம் அன்றைக்குத் தயாரித்தவர்களுக்கே தெரியாது. அவர்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் போர்ட்டலில் எழுதச் சொல்லியிருந்தாலும் அந்த வரி வந்திருக்காது. ஏட்டுச் சுரைக்காய் என்று நம்மவர்கள் சொன்னதன் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது.

---

சேவைமேசை

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் மூத்தவருடைய "இரண்டு நிமிடம் நில்" திரையில் எழுதக்கூடிய செய்திதானே? அதுகூட எழுதப்படவில்லை என்பதே நம் முன் இருக்கும் சிக்கல். எழுத முடியாததைக் காரணம் காட்டி எழுத முடிந்ததை விட்டுவிடக் கூடாது.

---

புதிதாய்ச் சேர்ந்தவள்

நான் சேர்ந்து எட்டு மாதங்கள்தான் ஆகின்றன. எழுதுவோரைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் கேட்போரின் நிலையையும் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் நிறுவனத்தில் கேள்வி கேட்கத் தனிக் குழு உரையாடல் ஒன்று இருக்கிறது. சேர்ந்த இரண்டாம் வாரத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். மூத்தவர் ஒருவர் "இது கூடத் தெரியாதா?" என்று எழுதி, அருகில் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார். கேலியாகத்தான் எழுதினார், கெட்ட மனிதரும் அல்லர். ஆனால் அதற்குப் பிறகு நான் அங்கே எதையும் கேட்கவில்லை. என்னோடு சேர்ந்த மற்ற மூவரும்கூடக் கேட்கவில்லை என்று பின்னர் தெரிந்தது. நாங்கள் நால்வரும் தனியாக ஒரு குழு வைத்துக்கொண்டு, தெரியாதவர்கள் தெரியாதவர்களுக்கே விடை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த மூத்தவருக்கு ஆண்டின் சிறந்த அறிவுப் பங்களிப்பாளர் என்ற பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது. இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

---

தணிக்கையாளர்

புதிதாய்ச் சேர்ந்தவர் சொன்னதுதான் இந்த இழையின் முக்கியமான பதிவு என்பேன். விமானத் துறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு.

1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் 514 என்ற விமானம் வாஷிங்டன் அருகே ஒரு மலைமுகட்டில் மோதி, அதிலிருந்த 92 பேரும் இறந்தார்கள். இறங்கும் அனுமதியைப் பற்றிய ஒரு சொற்பொருள் குழப்பம் அதற்குக் காரணம். விசாரணையில் வெளிவந்த செய்தி இன்னும் வேதனையானது. ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்பே வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே குழப்பத்துக்கு ஆளாகி மயிரிழையில் தப்பியிருந்தார்கள். தங்கள் நிறுவனத்துக்குள் அதைத் தெரிவித்தும் இருந்தார்கள். அந்நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. அந்த எச்சரிக்கை வெளியே போக வழியே இல்லை.

அதன் விளைவாக 1976இல் விமானப் பாதுகாப்புத் தகவல் அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டது. அதன் வடிவமைப்பைக் கவனியுங்கள். செலவு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையத்தினுடையது, ஆனால் அறிக்கைகளைப் பெறுவது விண்வெளி ஆய்வு அமைப்பான நாசா. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ளவரிடமே தவறைச் சொல்ல எவரும் முன்வரமாட்டார் என்பதால் இந்த ஏற்பாடு. எழுதியவரின் அடையாளம் நீக்கப்படும். வேண்டுமென்றே செய்யாத விதிமீறலைப் பத்து நாட்களுக்குள் தெரிவித்துவிட்டால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. பேசுவோருக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று சுவரொட்டி ஒட்டுவதோடு நில்லாமல் விதியாகவே எழுதிவைத்தார்கள். கோப்பறை அவர்களே, உங்கள் மேலிடத்திடம் கேட்க வேண்டிய முதல் ஆதரவு இதுதான் என்று நினைக்கிறேன், பணம் அடுத்தது.

---

மனிதவளப்பிரிவு

ஆண்டு மதிப்பீட்டைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எங்கள் துறையைச் சேர்ந்தவர்களே இதைச் சேர்க்கச் சொல்வார்கள். நானும் ஒருகாலத்தில் சொன்னேன். எண்ணிக்கையைச் சேர்த்தால் எண்ணிக்கைதான் கிடைக்கும், அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஆனால் மதிப்பீட்டிலிருந்து அடியோடு விலக்கினால் பிரிவுத் தலைவர்கள் இதைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள்.

ஆகவே பணியாளரை விட்டுவிட்டுப் பிரிவுத் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கினோம்: "உங்கள் பிரிவில் ஒருவர் முன்னறிவிப்பின்றி இரண்டு வாரம் வராமல் போனால், நின்றுபோகும் வேலைகள் எவை?" முதல் ஆண்டு பட்டியலைக் கொடுத்தால் போதும். அடுத்த ஆண்டு அந்தப் பட்டியல் சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். எப்படிச் சுருக்குவது என்பது அவர் விருப்பம்.

முதல் ஆண்டில் பட்டியல் நீளமாக இருப்பவரைக் குறைகூறக் கூடாது என்பது இதில் கட்டாயம். மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததை ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1990களில் கண்டார். அங்கே அதிகத் தவறு நடந்தது என்று இதற்குப் பொருளில்லை, நடந்ததைத் தயங்காமல் வெளியே சொன்னார்கள் என்பதே அவருடைய விளக்கம். எங்களிடமும் "எதுவும் நிற்காது" என்று வெற்றுத்தாளைக் கொடுத்த பிரிவுதான் எங்களை முதலில் கவலைப்பட வைத்தது.

---

கோப்பறை (இழையைத் தொடங்கியவர்)

மூன்று மாதங்களுக்குப் பிறகு வருகிறேன். பதிலளித்த எல்லோருக்கும் நன்றி.

இந்த முறை போர்ட்டலைப் பற்றிப் பேசாமல், மனிதவளப்பிரிவு நண்பர் சொன்ன கேள்வியை எடுத்துக்கொண்டு மேலிடத்திடம் போனேன். ஒரு பிரிவின் பட்டியலை மட்டும் முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தேன். அதில் பதினான்கு வேலைகள். அவற்றில் ஆறு ஒரே மனிதரைச் சார்ந்தவை. அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார். இயக்குநர் பட்டியலை இரண்டு முறை படித்துவிட்டு, "இவருக்கு அடுத்து யார்?" என்று கேட்டார். ஓராண்டாக நான் சொல்லிவந்த எதற்கும் இவ்வளவு விரைவாகக் கேள்வி வந்ததில்லை.

இதனால் கிடைத்தவை இரண்டு. வேலைநேரப் பதிவில் "அறிவைக் கைமாற்றுதல்" என்று ஒரு குறியீடு வந்துவிட்டது. அந்த ஒரு பிரிவில் மட்டும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அடுத்ததாக, ஒரு குறிப்பின் அடிப்படையில் அதை எழுதியவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படாது என்று இயக்குநரின் கையொப்பத்தோடு ஒரு சுற்றறிக்கை. இரண்டாவதைப் பெறுவதுதான் கடினமாக இருந்தது. சட்டப்பிரிவு ஒரு மாதம் இழுத்தடித்து, "வேண்டுமென்றே செய்தவை நீங்கலாக" என்ற வரியைச் சேர்த்த பிறகே ஒப்புக்கொண்டது.

ஒரு பிரிவுத் தலைவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். "வாரம் இரண்டு மணி நேரம் என்றால் மாதத்துக்கு ஒரு முழுநாள் வேலை போகிறது, என் இலக்கைக் குறைப்பீர்களா?" என்றார். நியாயமான கேள்வி. குறைக்கவில்லை, அதனால் அவருடைய பிரிவை இப்போதைக்குச் சேர்க்கவும் இல்லை. இலக்கைத் தொடாமல் அவர்மேல் இதையும் சுமத்தியிருந்தால், குறியீட்டில் மணிக்கணக்கு மட்டும் நிரம்பியிருக்கும்.

தோல்வியையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெறப்போகும் அந்த மூத்தவரை உட்காரவைத்து இரண்டு மணி நேரம் காணொளி எடுத்தோம். எவரும் பார்க்கவில்லை, நானே முழுதாகப் பார்க்கவில்லை. பிறகு முறையை மாற்றினோம். இளையவர் வேலையைச் செய்வார். மூத்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எங்கே அவருக்குப் பொறுக்கவில்லையோ அங்கே "நிறுத்து" என்பார். அந்த "நிறுத்து" ஒவ்வொன்றுக்கும் காரணத்தை இளையவர் எழுதிக்கொள்வார். முதல் நாளில் பதினொன்று கிடைத்தன. அவற்றில் ஏழு, காணொளியில் அவர் சொல்லாதவை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பரிசுக் காலத்தில் வந்து குவிந்த அந்தப் பழைய கட்டுரைகளை அழித்துவிடலாமா?

---

சேவைமேசை

அழிக்க வேண்டாம், தேடலில் வராதபடி ஒதுக்கிவையுங்கள். ஆறு மாதத்தில் எவராவது தேடி வந்து கேட்டால் அந்தக் கட்டுரையை மட்டும் திரும்பக் கொண்டுவந்து, கேட்டவரிடமே திருத்தக் கொடுங்கள். எங்களிடம் ஒதுக்கியவற்றில் இரண்டைத்தான் கேட்டு வந்தார்கள்.

---

பராமரிப்புக்காரன்

"நிறுத்து" முறையை எங்கள் பிரிவிலும் தொடங்கப்போகிறேன். ஒரு சந்தேகம்: காரணத்தை எழுதுபவர் இளையவர் என்றால், குறிப்பில் யார் பெயர் வருகிறது?

---

கோப்பறை (இழையைத் தொடங்கியவர்)

இருவர் பெயரும் வருகிறது. மூத்தவர் பெயர் முதலில். அவர் அதை ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.